பதினோரு நிமிஷ வீடியோ

அந்த வீடியோவைப் பாத்துட்டுத்தான் வந்திருக்கீங்க. போன்ல பேசும்போதே எனக்குத் தெரிஞ்சுபோச்சு சார். 'அதே இடத்துக்குக் கூட்டிட்டுப் போங்க கேப்டன்'னு சொன்னீங்கல்ல? வர்றவங்க எல்லாரும் அதைத்தான் சொல்லுதாங்க. இப்படி உக்காருங்க, டீ வரட்டும். எஞ்சினுக்கு எண்ணெய் ஊத்தியாச்சு, ஐஸ் பெட்டி ஏத்தியாச்சு, உங்க தூண்டில் ராடு எல்லாம் உள்ள பத்திரமா இருக்கு. கொஞ்சம் பிந்திப் போனா மீன் எங்கயும் ஓடிராது. ஒரு விஷயம் இருக்கு, அதைக் கேட்டுட்டு ஏறுங்க. கேட்டுட்டு வேற போட் பாத்துக்கிடுதேன்னு சொன்னாலும் சரி, நான் வருத்தப்பட மாட்டேன்.

கேப்டன்னு நீங்கதான் சொல்லுதீங்க. ஊர்ல நான் வெறும் கஸ்பார். ஆலந்துறை கஸ்பார். இந்த வேலைக்கு வந்து ஆறு வருஷமாச்சு. விடிய முன்னால எழும்பி, வானத்தைப் பாத்து, காத்தைப் பாத்து, வர்றவங்களுக்கு லைஃப் ஜாக்கெட்டை மாட்டிவிடணும். யாருக்கு மயக்கம் வரும்னு மூஞ்சியைப் பாத்தே சொல்லிருவேன். மாத்திரை வெச்சிருக்கேன், எலுமிச்சம்பழம் வெச்சிருக்கேன். கொக்கி கையில ஏறினா எடுத்துவிடணும். தொப்பி பறந்தா திருப்பிப் போயி எடுத்துக் குடுக்கணும். ஒரு அம்மாவோட தொப்பிக்காக அலையில மூணு வட்டம் அடிச்சிருக்கேன் சார். பொறுமை இல்லாம இந்த வேலை பாக்க முடியாது.

அதுக்கு முன்னால பன்னெண்டு வருஷம் வள்ளத்துல வலைத்தொழில். நானும் தஸ்நேவிஸும் ஒரே வள்ளம். அவன் பேரைத்தான் சொல்ல வந்தேன். தஸ்நேவிஸ் என்னைவிட ஒரு வயசு மூத்தவன், ஆனா நாங்க வா போன்னுதான் பேசிக்கிடுவோம். நல்ல தொழில்காரன். கோவக்காரன். நான் ஃபைபர் போட் எடுத்து உங்களை மாதிரி ராடு வீச வர்ற ஆளுங்களைக் கூட்டிட்டுப் போக ஆரம்பிச்சதுலருந்தே அவனுக்குப் பிடிக்கல. ரெண்டு வருஷத்துக்கு முன்னால, ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு கோயில் வளாகத்துல ஊர்க்கூட்டம் நடக்கு. சாமியார் இருக்காரு, பொம்பளைங்க எல்லாம் நிக்காங்க. அத்தனை பேரு முன்னாலயும் எழும்பி நின்னு சொல்லுதான்: "மீனைப் புடிச்சு, முத்தம் குடுத்து, போட்டோ எடுத்துட்டுத் திரும்ப விடுதான். மீனை வெச்சு வெளையாடுதவன் போட் நம்ம கரையில ஏறக்கூடாது."

ஊரு அவன் பக்கம் போச்சு. அதுலருந்துதான் சார் நான் இந்த ஆத்துமுகத்துல கிடக்கேன். வீட்டுலருந்து நாலு கிலோமீட்டர் வண்டியில வந்து போட் எடுக்கேன்.

எனக்கு அவன் மேல கோவம் ஒண்ணும் கிடையாது. அதை முதல்லயே சொல்லிடுதேன். ஒரு வருஷம் பேச்சுவார்த்தை இல்ல, அது வேற. அவன் எதிர்ல வந்தா நான் சந்து திரும்பிருவேன், அது வேற. கோவம்னு இல்ல.

போன வருஷம் மாதா பிறப்புத் திருநாள் முடிஞ்சு மூணாம் நாள். கோயம்புத்தூர்லருந்து சிபிச்சக்கரவர்த்தின்னு ஒரு சார் வந்திருந்தாரு. பம்ப் செட் கம்பெனி வெச்சிருக்காரு. தங்கமான மனுஷன். கூட அவரு மச்சினர், அவருதான் கேமரா. மூணு நாள் புக்கிங். முதல் நாள் ஒண்ணும் கடிக்கல. ரெண்டாம் நாள் ஒரு சீலா மீன், அதுவும் முழ நீளந்தான். மூணாம் நாள் காலையில அவரு ஒண்ணும் பேசாம ராடைப் பிடிச்சிட்டு நிக்காரு. நான் என்ன செய்ய? அவரு திட்டினாக்கூடப் பரவால்ல. பேசாம நிக்கிறவங்களைத்தான் என்னால பாக்க முடியாது. ஆறு வருஷத்துல ஒருத்தரையும் வெறுங்கையோட அனுப்பினதில்ல நான்.

கரையிலருந்து பதினோரு மைல் வெளிய கடலுக்கடியில ஒரு கல்லு மேடு இருக்கு. பெரியகல்லுன்னு சொல்லுவோம். நீங்க வீடியோவுல பாத்தது அதுதான். அங்க ஊர் வள்ளங்கள் வலை விடும், அதனால நான் அந்தப் பக்கம் போறதில்ல. அன்னைக்குப் போனேன். போனது தப்புன்னு யாரும் சொல்ல முடியாது சார், கடலுக்கு வேலி இல்ல.

காலையில ஏழு மணி இருக்கும். பாப்பர்னு கட்டையில செஞ்ச பொய் மீன் ஒண்ணு இருக்குல்ல, தண்ணி மேல சளக் சளக்னு சத்தம் போட்டுட்டு வருமே, அதை வீசி வீசி இழுக்காரு சிபி சார். நாலாவது வீச்சுல தண்ணி வெடிச்சுது. அப்படி ஒரு பாரை மீனை நான் என் ஆயுசுல பாத்ததில்ல. முதுகு மட்டும் தெரிஞ்சுது, வீட்டுக் கதவு மாதிரி. ராடு வளைஞ்சு, தூண்டில் நரம்பு ஓடி ரீல் கத்துது. நான் எஞ்சினைப் போட்டு மீன் போற பக்கமே போட்டைத் திருப்புதேன். மீன் கல்லுக்குள்ள போயிட்டா நரம்பு அறுந்துரும். ஒரு கண்ணு நரம்பு மேல, ஒரு கண்ணு தண்ணி மேல. அந்த நேரத்துல வேற எதையும் பாக்க முடியாது. இதை நீங்க புரிஞ்சுக்கிடணும்.

மச்சினர்தான் சொன்னாரு, "அங்க யாரோ கை காட்டுறாங்க பாருங்க"ன்னு.

பாத்தேன். முந்நூறு நானூறு மீட்டர்ல ஒரு வள்ளம். ரெண்டு ஆளு. ஒருத்தன் எழும்பி நின்னு துணியை வீசுதான். யாரு என்னன்னு எனக்கு அடையாளம் தெரியல. வெயில் கண்ணுக்கு நேரா அடிக்கு. கடல்ல கை காட்டினா ஆயிரம் அர்த்தம் சார். வலை கிடக்கு ஒதுங்கிப் போன்னு காட்டுவாங்க. மீன் இருக்கு வாங்குதியான்னு காட்டுவாங்க. இவன் மறுபடியும் என்னை விரட்டுதான்னுதான் நான் நெனச்சேன்.

சிபி சார்கூடக் கேட்டாரு, "போயிப் பாக்கணுமாண்ணா?"ன்னு. நல்ல மனுஷன்னு சொன்னேன்ல. போகணும்னா நரம்பை அறுக்கணும். அவரே அப்புறம் சொன்னாரு, "அஞ்சே நிமிஷமுங்கண்ணா, மீன் வந்துருச்சுங்க." நான் சரின்னேன்.

மீன் வந்ததும் நேரா அங்கதான் போனோம். போயிப் பாத்தா வள்ளம் கவுந்து கிடக்கு. அடிப்பலகை விட்டுத் தண்ணி ஏறியிருக்கு, எஞ்சின் மூழ்கிப்போச்சு, அலை வந்து புரட்டிட்டு. கவுந்த வள்ளத்து முதுகுல ஒருத்தன் குப்புறக் கிடக்கான். தஸ்நேவிஸோட தம்பி ரெமிஜி. அவனை நானும் மச்சினருமா எங்க போட்டுக்குள்ள தூக்கிப் போட்டுட்டு, "அண்ணன் எங்கலே?"ன்னு கேக்கேன். அவன் தண்ணியைக் காட்டுதான். நான் குதிச்சேன் சார். நாலு தடவை முங்கினேன். வள்ளத்துக்கு அடியில வலை திரைச்சீலை மாதிரி தொங்குது, கைக்கு எதுவும் அகப்படல. வயர்லெஸ்ல சொல்லி, மத்த வள்ளங்கள் வந்து, வலையை இழுத்தப்பதான் கிடைச்சான். கால்ல வலை சுத்திக் கிடந்துது. சிபி சார் போட்டுக்குள்ள உக்காந்து சின்னப்பிள்ளை மாதிரி அழுதாரு.

விசாரணைக்குக் கூப்பிட்டாங்க. எவ்வளவு நேரத்துல போனேன்னு கேட்டாங்க. அஞ்சு நிமிஷம்னு சொன்னேன். எனக்கு அப்படித்தான் இருந்துது. ரெமிஜி ஒண்ணுமே சொல்லல. "கஸ்பார் அண்ணன்தான் என்னைத் தூக்கினாரு"ன்னு மட்டும் சொன்னான். ஊர்ல எல்லாரும் என்னைத் தட்டிக்குடுத்தாங்க. பகையைப் பாக்காமப் போயித் தம்பியைக் காப்பாத்தினான்னு சாமியார் பூசையிலயே சொன்னாரு. போட்டைக் கரையில ஏத்திக்கோன்னு ஊர்ல சொன்னாங்க. நான்தான் வேண்டாம்னுட்டேன். ஆத்துமுகமே பழகிப்போச்சு.

வீட்டுல ஆக்னெஸ்தான், எம் பொண்டாட்டி, நாலாம் நாள் மீன் அறுத்துட்டு இருந்தவ தலையை நிமித்தாமக் கேக்கா: "யாருன்னே தெரியலன்னியே. பெறகு விரட்டுதான்னு எப்படி நெனச்சே? உன்னை விரட்டுதவன் ஊர்ல ஒருத்தன்தானே இருந்தான்?"

பொம்பளைங்க சும்மா இருக்க மாட்டாங்க, எதையாவது கேப்பாங்க. வண்டியை எடுத்துட்டு இங்க வந்துட்டேன். போட்டுக்கு அடிப்பக்கம் சுரண்ட வேண்டியிருந்துது.

ரெண்டு மாசம் கழிச்சு மச்சினர் வீடியோ போட்டாரு. சிபி சாருக்கே தெரியாம போட்டதாம். பின்னணியில ஒரு தமிழ்ப் பாட்டு, டமடமன்னு. ராடு வளையுது, நான் கத்துதேன், மீன் மேல வந்து போட்டுக்குள்ள விழுது, அதோட முடிஞ்சிருது. லட்சக்கணக்குல பாத்திருக்காங்க. போன் வந்துட்டே இருந்துது. பெங்களூரு, ஐதராபாத், ஒரு ஆளு மஸ்கட்லருந்து. ஒருத்தருமே அந்த வள்ளத்தைப் பத்திக் கேக்கல சார். உங்களுக்கும் தெரிஞ்சிருக்காது. சிபி சார் தோளுக்கு மேல, இடப்பக்கம், ஒரு பச்சைப் புள்ளி. ரெண்டாவது நிமிஷத்துல வருது. அதுல சிவப்பா ஒண்ணு ஆடும். அவன் தலைத்துண்டு. அவுத்து வீசியிருக்கான்.

வீடியோ பதினோரு நிமிஷம். நான் அஞ்சுன்னு சொன்னது பொய்யில்ல. மீன் கிடந்து இழுக்கும்போது நேரம் அப்படித்தான் தெரியும். நீங்களும் ராடு பிடிக்கிறவர், உங்களுக்குத் தெரியும்ல?

பாட்டு இல்லாத வீடியோ ஒண்ணு இருக்கு. சம்பவம் நடந்த வாரமே மச்சினர் எனக்கு அனுப்பினது. அது என் போன்ல கிடந்துது. எதுக்கு வெச்சிருந்தேன்னு கேட்டா எனக்குத் தெரியாது.

போன மாசம் ஒரு மத்தியானம் செலின் வீட்டுக்கு வந்தா. தஸ்நேவிஸ் பொண்டாட்டி. அவ எங்க வீட்டுப் படி ஏறி ரெண்டு வருஷமாச்சு. ஆக்னெஸ் பாய் விரிச்சுப் போட்டா, தண்ணி குடுத்தா. செலின் என்னைப் பாத்துச் சொல்லுதா: "அண்ணே, தையல் கடையில ஒரு பிள்ளை போன்ல காட்டினா. நீ மீன் புடிக்கிற வீடியோ. அதுல எங்க வீட்டுக்காரர் தெரியுதாரு."

நான் போனைச் சட்டைப்பைக்குள்ள தள்ளினேன்.

"அவரு உசுரோட இருக்கிற மாதிரி என்கிட்ட ஒரு வீடியோவும் கிடையாதுண்ணே. கல்யாண கேசட்டு இருந்துது, மழையில போச்சு. இதுலதான் அசையுதாரு." அழவெல்லாம் இல்ல. வீட்டுச் சாமான் கேக்க வந்தவ மாதிரி பேசுதா. "பாட்டு இல்லாதது தனியா இருக்குமாமே. அது இருந்தாக் குடு. அவரு சத்தம் கேக்குதான்னு பாக்கணும்."

"அது அழிஞ்சுபோச்சு செலின்"ன்னேன்.

அடுப்படியிலருந்து ஆக்னெஸ் சொல்லுதா: "இருக்கு. இவரு போன்லதான் இருக்கு. தெனமும் பாக்காரு."

என்ன செய்ய? எடுத்துப் போட்டேன். செலின் போனை வாங்கி மடியில வெச்சுக் குனிஞ்சுக்கிட்டா. காத்துச் சத்தம், ரீல் சத்தம், எஞ்சின் சத்தம். ரெண்டாவது நிமிஷம் மச்சினர், "அங்க யாரோ கை காட்டுறாங்க பாருங்க"ங்காரு. உடனே என் சத்தம். நல்லாத் தெளிவாக் கேக்கும் சார். "நம்ம ஊரு ஆளுதான். இங்க வராதன்னு விரட்டுதான். நீங்க மீனைப் பாருங்க."

செலின் தலையைத் தூக்கல. ஆக்னெஸ் அடுப்படி வாசல்ல வந்து நின்னா. நான் சுவத்துல மாட்டியிருந்த காலண்டரைப் பாத்துட்டு இருந்தேன். செலின் போனைக் காதுகிட்டக் கொண்டுபோறா, மறுபடியும் மடியில வெக்கா. எட்டாவது நிமிஷமோ என்னமோ, "நிறுத்துண்ணே"ன்னா. "கொஞ்சம் பின்னால போ."

போனேன். திரும்ப ஓடுச்சு. திரும்பவும் பின்னால போகச் சொன்னா. மூணு தடவை.

"உன் பேருண்ணே"ன்னா. "உன் பேரைத்தான் கூப்பிடுதாரு."

நான் அதை நூறு தடவை கேட்டிருக்கேன் சார். அது ரீல் சத்தம். நரம்பு ஓடும்போது வர்ற சத்தம். கச்சான் காத்து அந்தப் பக்கத்துலருந்து இந்தப் பக்கம் அடிச்சுது, அது உண்மைதான், சத்தம் வரும்தான். ஆனா எனக்கு அது ரீல் சத்தமாத்தான் கேட்டுது. பதினெட்டு வருஷம் கூட வாழ்ந்தவளுக்கு வேற மாதிரி கேக்கு. "கஸ்பாரு... ஏல கஸ்பாரு..."ன்னு கேக்காம். அவ சொன்ன பிறகு எனக்கும் அப்படித்தான் கேக்கு. அதுக்கு நான் என்ன செய்ய முடியும்?

திட்டுவான்னு நெனச்சேன். மண்ணை வாரித் தூத்துவான்னு நெனச்சேன். அவ முந்தானையால போனைத் துடைச்சு என்கிட்டக் குடுத்தா. "இதை எனக்கு அனுப்பு. யாருக்கும் காட்ட மாட்டேன்"ன்னா. அப்புறம் வாசல்ல நின்னு சொன்னா: "ரெமிஜிகிட்ட மட்டும் நீயே போயிச் சொல்லிருண்ணே. அவன் அன்னையிலருந்து கடலுக்கே போகல. அண்ணன் சட்டையைப் புடிச்சிருந்தேன், விட்டுட்டேன், விட்டுட்டேன்னு சொல்லிட்டே கிடக்கான். சோறு எறங்கல. அவன் ஒருத்தன் தப்பு மட்டும் இல்லன்னு அவனுக்குத் தெரியணும்."

சரின்னேன். மறுநாள் போகலாம்னுதான் இருந்தேன். மறுநாள் சென்னைக்காரங்க நாலு பேரு வந்துட்டாங்க. அதுக்கடுத்து ஒரு டாக்டர். அதுக்கடுத்து எஞ்சின்ல கோளாறு, தூத்துக்குடிக்குக் கொண்டுபோக வேண்டியதாப் போச்சு. வேலை அப்படி. ஆக்னெஸ் என்கிட்டப் பேச்சைக் குறைச்சுட்டா. சோறு வெப்பா, போயிருவா. மூணு வாரம் ஓடிப்போச்சு.

முந்தாநாள்தான் போனேன்.

ரெமிஜி இப்ப உப்பளத்துல வேலை பாக்கான். பாத்தியில உப்பு வாருத வேலை. காலையில பத்து மணி வெயில், வெள்ளை வெளேர்னு கண்ணு கூசுது. என்னைப் பாத்ததும் உப்பு வாருத பலகையை வரப்புல சாத்தி வெச்சுட்டு வந்தான். ஆளு பாதியாயிட்டான் சார். இருபத்தெட்டு வயசுதான். கால் ரெண்டும் உப்புல வெடிச்சுக் கிடக்கு.

நான் சொன்னேன். மொத்தமும் சொன்னேன். கை காட்டினது தெரிஞ்சுது, அது உங்க வள்ளம்னும் தெரிஞ்சுது, உங்கண்ணன் என்னை விரட்டுதான்னு நெனச்சேன், மீன் வர்ற வரைக்கும் நின்னுட்டேன். பதினோரு நிமிஷம் ஆச்சு. உம் மேல தப்பில்லலே ரெமிஜி. இப்படித்தான் சொன்னேன். சொல்லும்போது எனக்கு நெஞ்சு லேசான மாதிரிகூட இருந்துது.

அவன் கேட்டுட்டுச் சொல்லுதான்: "எனக்குத் தெரியும்ணே."

"என்னலே தெரியும்?"

"நான் உங்களைத்தானே பாத்துட்டு இருந்தேன். வேற எங்க பாக்க?" குரல்ல கோவமே இல்ல. "வள்ளம் கவுந்தப்ப நீங்க மீனை உள்ள தூக்கிட்டீங்க. சரி, இனி வந்துருவாங்கன்னு அண்ணன்கிட்டச் சொன்னேன். அண்ணன் பக்கத்துலதான் இருந்தான். வலை காலை இழுக்கு, ஒரு கையால விளிம்பைப் புடிச்சிருக்கான், நான் சட்டைக் காலரைப் புடிச்சிருக்கேன். கஸ்பார் வந்துருவான்லேன்னு அவனும் சொன்னான். நீங்க மீனைத் தூக்கிட்டு நின்னு போட்டோ எடுத்தீங்க."

ரெண்டு போட்டோ சார். ரெண்டே ரெண்டு. சிபி சார் ஒண்ணு, நானும் அவரும் ஒண்ணு. அந்தப் பக்கம் நான் திரும்பியே பாக்கல, பாத்திருந்தா வள்ளம் கவுந்தது தெரிஞ்சிருக்கும். நான் இவ்வளவு நேரம் உங்ககிட்டச் சொல்லாம விட்டது, மறைக்கணும்னு இல்ல. அது வீடியோவுல கிடையாது. மீன் உள்ள விழுந்ததும் மச்சினர் கேமராவை அணைச்சிட்டாரு.

ரெமிஜி கையில ஒட்டியிருந்த உப்பை வேட்டியில துடைச்சான். "அதுவும் சரிண்ணே, போட்டோ எடுக்க எவ்வளவு நேரமாகும். அப்புறம் மீனைத் தண்ணியில எறக்கினீங்க. நீ போட் விளிம்புல படுத்துக்கிட்டு ரெண்டு கையும் தண்ணிக்குள்ள விட்டு என்னமோ செஞ்சிட்டே இருந்தே. ரொம்ப நேரம். அப்பதான் என் கை மரத்துப்போச்சு." என்னை நேராப் பாத்தான். "அது என்னன்னு எனக்கு விளங்கவே இல்ல. எட்டு மாசமா நெனச்சு நெனச்சுப் பாக்கேன். அவ்வளவு நேரம் என்னண்ணே செஞ்சே?"

அவன் குத்திக் காட்டணும்னு கேக்கல சார். நிஜமாவே தெரியாமத்தான் கேட்டான். வலைத்தொழில்காரனுக்கு அது தெரியாது. புடிச்ச மீனை அவன் எப்ப திரும்ப விட்டிருக்கான்?

சொன்னேன். "இழுத்து இழுத்து மீன் களைச்சுப்போயிருக்கும்லே. அப்படியே விட்டா செத்துரும். வாலைப் புடிச்சு முன்னும் பின்னுமா ஆட்டினா செவுள்ல தண்ணி ஏறும். அதுக்கு மூச்சு வர்ற வரைக்கும் புடிச்சிருந்தேன்."

"வந்துதா?"ன்னான்.

"வந்துது. நல்லாப் போச்சு."

"சரிண்ணே"ன்னான். பலகையை எடுத்துக்கிட்டுப் பாத்திக்குள்ள இறங்கிட்டான்.